பதவி இல்லாத இடத்தில் பணி: பல்கலைக்கழகத்தில் யோகா கற்பிக்க விரும்பும் வாசகிக்கு

கேள்வி: ஐயா, எனக்கு வயது 36. கோலாலம்பூர், செந்தூலில் வசிக்கிறேன். கணக்கியலில் டிப்ளோமா முடித்து, ஒரு சரக்கு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பன்னிரண்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். ரிஷிகேஷில் ஒரு மாதம் தங்கி 200 மணிநேர யோகா ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் பெற்றேன். கடந்த நான்கு ஆண்டுகளாக எங்கள் வட்டாரக் கோவில் மண்டபத்தில் சனி, ஞாயிறுகளில் வகுப்பு நடத்தி வருகிறேன். கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ யோகா விரிவுரையாளர் ஆக வேண்டும் என்பது என் ஆசை. கல்லூரி ஆசிரியர் தகுதிக்காக இந்தியாவில் நடக்கும் நெட் தேர்வு எழுதினால் அந்த வேலை கிடைக்கும் என்று இந்தியக் கட்டுரைகளில் படித்தேன். ஒரு முகவர், தொலைநிலைக் கல்வியில் ஓராண்டிலேயே எம்.எஸ்சி. யோகா முடித்துவிடலாம், டிப்ளோமா போதும் என்கிறார். வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கலாமா? முஸ்லிம் மாணவர்கள் அதிகமாக உள்ள இடங்களில் யோகா கற்றுத்தர இடம் கொடுப்பார்களா? கோவில் மண்டபத்தில் வகுப்பு நடத்தியதை விண்ணப்பத்தில் எழுதலாமா, அது எனக்கு எதிராகப் போய்விடுமா?
– செந்தூல் வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் கடிதத்தில் இருக்கும் கேள்விகளுள் அவசரமான இரண்டுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேலையை இப்போது விடாதீர்கள். அந்த முகவரிடம் பணம் கட்டாதீர்கள். உங்கள் ஆசையைக் கைவிடச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. பல்கலைக்கழகமொன்றின் மாணவர் விவகாரப் பிரிவில், புறப்பாட வகுப்புகளுக்குப் பயிற்றுநர்களைத் தேர்ந்தெடுக்கும் வேலையைப் பல ஆண்டுகள் செய்தவன் என்ற முறையில், நம் நாட்டில் யோகா ஆசிரியர்கள் வளாகத்துக்குள் நுழையும் வழியும் நீங்கள் படித்த கட்டுரைகள் காட்டும் வழியும் வெவ்வேறு என்பதை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

நீங்கள் படித்தவை பொய்யல்ல; ஆனால் அவை இந்தியாவுக்கு உரியவை. அங்கே யோகா ஒரு பல்கலைக்கழகப் பாடம். அதற்குத் துறை உண்டு, இளங்கலையும் முதுகலையும் முனைவர் பட்டமும் உண்டு, துறை இருப்பதால் உதவிப் பேராசிரியர் பதவியும் உண்டு. பெங்களூரில் சுவாமி விவேகானந்த யோகா அனுசந்தான சம்ஸ்தானம் என்ற நிகர்நிலைப் பல்கலைக்கழகமே யோகாவை மையமாக வைத்து இயங்குகிறது. தமிழ்நாட்டில் உடற்கல்வி, விளையாட்டுப் பல்கலைக்கழகத்திலும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் யோகாவில் பட்டப் படிப்புகள் நடக்கின்றன. 2017 ஜனவரியில் நடந்த நெட் தேர்விலிருந்து யோகாவும் அத்தேர்வின் பாடங்களுள் ஒன்றாயிற்று. உதவிப் பேராசிரியர் தகுதிக்காக அந்தத் தேர்வை எழுத முதுகலைப் பட்டம் வேண்டும், பொதுப் பிரிவினருக்கு அதில் 55 விழுக்காடு மதிப்பெண்ணும் வேண்டும். முதுகலையில் சேர இளங்கலைப் பட்டம் வேண்டும். உங்களிடம் இருப்பது டிப்ளோமா. ஆகவே டிப்ளோமாவை வைத்துக்கொண்டு ஓராண்டில் எம்.எஸ்சி. முடித்துவிடலாம் என்று ஒருவர் சொன்னால், அவர் விற்பது எம்.எஸ்சி. ஆக இருக்க முடியாது என்பதைத் தெரிந்துகொள்ள வேறு விசாரணை எதுவும் தேவையில்லை. இனி எந்தப் பட்டத்துக்குப் பணம் கட்டுவதாக இருந்தாலும், அதை இங்கே ஏற்பார்களா என்று எம்.கியூ.ஏ. எனப்படும் மலேசியத் தகுதி நிறுவனத்திடம் எழுத்து மூலம் கேட்டு, எழுத்து மூலம் பதில் வாங்கிய பிறகு கட்டுங்கள். முகவரின் கைப்பேசிக் குறுஞ்செய்தி எழுத்து மூலமான பதில் ஆகாது.

இந்தியாவைப் போல யோகாவுக்கென்று தனித் துறையும் அதற்கென்று விரிவுரையாளர் வரிசையும் கொண்ட அமைப்பு நம் பொதுப் பல்கலைக்கழகங்களில் இல்லை. மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை 1956-ஆம் ஆண்டிலிருந்து இயங்குகிறது, ஆனால் அது மொழியும் பண்பாடும் சமூகமும் சார்ந்த துறை. உடற்பயிற்சி அறிவியல் என்றால் அதற்கு வேறு புலம். யோகா இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஒரு வெற்றிடத்தில் விழுகிறது. பதவியின் பெயரைத் தேடி வேலை வாய்ப்புப் பக்கங்களைப் புரட்டினால் ஆண்டுக்கணக்கில் புரட்டிக்கொண்டே இருப்பீர்கள். பதவி இல்லை என்றாலும் பணி இருக்கிறது என்பதுதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்த செய்தி. வளாகங்களில் ஒவ்வொரு பருவமும் யாரோ ஒருவர் யோகா வகுப்பு நடத்திக்கொண்டுதான் இருக்கிறார். அவருடைய ஊதியம் வேறு ஏதாவது ஒரு பிரிவின் ஒதுக்கீட்டிலிருந்து வருகிறது. எந்தப் பிரிவு என்று தெரிந்துகொண்டால் யாரிடம் பேச வேண்டும் என்பது தானாகத் தெரியும்.

மிக எளிதாகத் திறக்கும் கதவு மாணவர் தங்கும் விடுதிகள். பொதுப் பல்கலைக்கழகங்களில் ஒவ்வொரு விடுதியும் தன் மாணவர்களுக்கென மாலை நேர நடவடிக்கைகளை நடத்துகிறது. ஆறு வாரம், எட்டு வாரம் என்று சிறிய அளவில் வகுப்பு கேட்பார்கள், சன்மானமும் சிறியதாகவே இருக்கும். அதற்கு அடுத்தது மாணவர் கழகங்களும் ஆலோசனை மையங்களும். தேர்வுக்கு முந்திய வாரங்களில் மன அழுத்தத்தைக் குறைக்கும் பட்டறை என்று அழைப்பார்கள். மனிதவளப் பிரிவு, அலுவலர்களுக்காக மதிய இடைவேளையிலோ வேலை முடிந்தபின்போ வகுப்பு வைப்பதுண்டு. அலுவலர் ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்கில் இருப்பவர் என்பதால் இத்தகைய வகுப்புகள் பெரும்பாலும் நீண்ட காலம் தொடர்கின்றன. இவற்றையெல்லாம்விட நிலையானது, மதிப்பெண்ணும் கிரெடிட்டும் உள்ள புறப்பாட வகுப்பு. தனியார் கல்வி நிலையங்களில் 2013-இல் எம்.பி.யு. என்ற பொதுப் பாடத் தொகுப்பு அறிமுகமானபோது அதன் நான்காம் பிரிவாகச் சமூகத் தொண்டும் புறப்பாடமும் வைக்கப்பட்டன. பொதுப் பல்கலைக்கழகங்களில் புறப்பாடத்துக்கு அதற்கும் நெடுங்காலம் முன்பிருந்தே கிரெடிட் உண்டு. சிலம்பம், பரதம், முதலுதவி, நீச்சல் என்று வெளிப் பயிற்றுநர்களை வைத்து நடக்கும் அந்த வரிசையில் யோகாவையும் சேர்க்கச் சொல்லிக் கேட்பதில் புதுமை ஏதும் இல்லை. தனியார் கல்லூரியில் ஒரு பாடத்தைக் கற்பிக்க, 1996-ஆம் ஆண்டுத் தனியார் உயர்கல்வி நிறுவனங்கள் சட்டத்தின்படி கற்பித்தல் பெர்மிட் வேண்டும். விண்ணப்பத்தை வழக்கமாகக் கல்லூரியே அனுப்பும், நீங்கள் செய்ய வேண்டியது, சான்றிதழ்களின் உறுதிப்படுத்திய நகல்களை ஆயத்தமாக வைத்திருப்பது.

இப்போது நீங்கள் வேலையை விடலாமா என்ற கேள்விக்குக் கணக்குப் பிரிவு ஆசாமிக்குரிய முறையிலேயே பதில் சொல்கிறேன். ஒரு பருவம் என்பது பெரும்பாலும் 14 வாரக் கற்பித்தல். வாரத்துக்கு ஒரு வகுப்பு, இரண்டு மணிநேரம் என்றால் 28 மணிநேரம். மணிக்கு 80 ரிங்கிட் தருகிறார்கள் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், ஒரு பருவத்துக்கு 2,240 ரிங்கிட், இரண்டு பருவங்களுக்கு 4,480 ரிங்கிட். இதேபோல நான்கு வகுப்புகள் கிடைத்துவிட்டன என்றே கொள்வோம். ஆண்டுக்கு 17,920 ரிங்கிட். பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள், மாதத்துக்கு 1,493 ரிங்கிட் வருகிறது. 2025 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச ஊதியமே 1,700 ரிங்கிட். கேட்கும்போது நல்ல ஊதியமாகத் தோன்றும் மணிக் கணக்கு, பருவ விடுமுறைகள் விழுங்கிய பிறகு இவ்வளவாகத்தான் நிற்கிறது. தவிர, இது வேலை ஒப்பந்தம் அன்று, சேவைக்கான ஒப்பந்தம் என்பதால் இ.பி.எப். எனப்படும் ஊழியர் சேமநிதி சேராது. இன்று உங்கள் சம்பளம் ஐயாயிரம் ரிங்கிட்டுக்குள் இருந்தால் முதலாளி உங்கள் கணக்கில் கட்டும் 13 விழுக்காடு, நீங்கள் கண்ணால் பார்க்காமலே சேர்ந்துகொண்டிருக்கும் பணம். கோலாலம்பூரின் மாலை நெரிசலில் செந்தூலிலிருந்து செராஸுக்கும் அங்கிருந்து புக்கிட் ஜாலிலுக்கும் போய்வரும் நேரத்துக்கு யாரும் ஊதியம் தருவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆகவே முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாலை வகுப்பு ஒன்று, அதிகமானால் இரண்டு. உங்கள் அலுவலக வேலை அப்படியே இருக்கட்டும். பணம் வாங்கத் தொடங்கியதும் எஸ்.எஸ்.எம். எனப்படும் மலேசிய நிறுவன ஆணையத்தின் அலுவலகத்தில் உங்கள் தொழிலைப் பதிந்துகொள்ளுங்கள். சொந்தப் பெயரிலேயே பதிந்தால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், தொழிலுக்கு வேறு பெயர் வைத்தால் 60 ரிங்கிட். பற்றுச்சீட்டு கொடுக்க முடியாத பயிற்றுநருக்குப் பணம் பெற்றுத் தருவது பல்கலைக்கழகக் கணக்கரைத் தவிக்க வைக்கும் காரியம் என்பதை உங்கள் துறையில் இருப்பவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

உங்கள் சான்றிதழைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசிவிடுவோம். 200 மணிநேரம் என்பது அமெரிக்காவில் உள்ள யோகா அலையன்ஸ் என்ற அமைப்பு, ஆசிரியர்களைப் பதிவு செய்வதற்காகப் பின்பற்றும் அளவு. அது பல்கலைக்கழகத் தகுதி அன்று. மலேசியத் தகுதிக் கட்டமைப்பில் ஒரு கிரெடிட் என்பது மாணவர் செலவிடும் 40 மணிநேர உழைப்பு. அந்தக் கணக்கில் உங்கள் ஒரு மாதப் பயிற்சி ஐந்து கிரெடிட்டுக்குச் சமமான நேரம், நீங்கள் முடித்த டிப்ளோமாவோ குறைந்தது 90 கிரெடிட். இதைச் சொல்வது அந்தச் சான்றிதழைக் குறைத்து மதிப்பிட அன்று. விடுதி வகுப்புக்கும் புறப்பாட வகுப்புக்கும் அது நுழைவுச்சீட்டாகப் போதும். இந்திய அரசின் ஆயுஷ் அமைச்சின் கீழ் இயங்கும் யோகா சான்றிதழ் வாரியம், பயிற்றுநர் நிலையிலிருந்து யோகா மாஸ்டர் நிலைவரை படிப்படியாகத் தேர்வு நடத்திச் சான்று தருகிறது. சில நாள் தங்கிப் பெறும் சான்றிதழ்களைவிட அதற்கு நான் கூடுதல் மதிப்புக் கொடுப்பேன். ஏனெனில் அங்கே கற்றுக்கொடுத்தவரே தேர்ச்சியும் தருவதில்லை.

எனக்கு வந்த விண்ணப்பங்களில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. முதல் பக்கத்தில் யோகாவின் தொன்மையைப் பற்றி இரண்டு பத்திகள், அடுத்த பக்கத்தில் கடற்கரையிலோ மலையுச்சியிலோ தலைகீழாக நிற்கும் ஆறு புகைப்படங்கள், கடைசியில் தொலைபேசி எண். அந்தப் படங்களைப் பார்த்து நான் வியந்ததுண்டு, யாரையும் அதற்காகத் தேர்ந்தெடுத்ததில்லை. அதிகாரி ஒருவர் மேலிடத்துக்கு ஒரு பாடத்தைப் பரிந்துரைக்க வேண்டுமானால் அவர் கையில் இருக்க வேண்டியது பாடத் திட்டம். பதினான்கு வாரத்தில் எந்த வாரம் என்ன கற்பிக்கப்படும், பருவ முடிவில் மாணவருக்கு என்ன செய்யத் தெரிந்திருக்கும், அதை எப்படி அளப்பீர்கள், வகுப்புக்கு எத்தனை பேர், என்ன இடம், என்ன பொருட்கள், ஒருவருக்கு அடிபட்டால் என்ன செய்வீர்கள் ஆகிய அனைத்தும் நான்கு பக்கத்துக்குள் இருந்தால் போதும். மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். இதை நீங்களே எழுதினால், அதிகாரி எழுத வேண்டிய வேலையில் பாதியை நீங்கள் செய்து கொடுத்தவர் ஆகிறீர்கள்.

அளப்பது எப்படி என்ற இடத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். கால் விரலைத் தொட்டால் இத்தனை மதிப்பெண், தாமரை இருக்கை போட்டால் இத்தனை என்று எழுதி வந்த ஒருவரிடம், பிறவியிலேயே இடுப்பு எலும்பின் அமைப்பால் தாமரை இருக்கை போட முடியாத மாணவனைத் தோல்வியடையச் செய்வீர்களா என்று கேட்டேன். அவரிடம் பதில் இல்லை. உடல் வளைவதற்கு மதிப்பெண் கொடுத்தால் அது பயிற்சியை அளப்பதாகாது, அந்த மாணவரின் பிறப்பை அளப்பதாகும். வாரந்தோறும் தன் மூச்சையும் உறக்கத்தையும் பற்றி அவர் எழுதும் குறிப்பேடு, ஓர் ஆசனத்தைத் தன் உடலுக்கேற்பப் பாதுகாப்பாக மாற்றிக்கொள்ளத் தெரிந்திருப்பது, இறுதியில் நான்கைந்து சக மாணவர்களுக்குப் பத்து நிமிட வகுப்பை நடத்திக் காட்டுவது, இவற்றுக்கு வருகைப் பதிவோடு சேர்த்து மதிப்பெண் பிரித்தால் எந்தக் கல்விக் குழுவும் அதை எளிதில் மறுக்காது. கோவில் மண்டபத்தில் முதியோருக்குக் கற்றுத்தந்த நீங்கள், நாற்காலியையும் சுவரையும் வைத்து ஆசனங்களை மாற்றிக் கொடுத்திருப்பீர்கள். அந்த அனுபவம் இந்த இடத்தில் இளம் பயிற்றுநர்களிடம் இல்லாத பலம்.

முஸ்லிம் மாணவர்களைப் பற்றிய உங்கள் கேள்வி நியாயமானது, அதை மெல்லிய குரலில் கேட்க வேண்டியதும் இல்லை. 2008 நவம்பரில், இஸ்லாமியச் சமயத் தீர்ப்புகளை வெளியிடும் தேசிய பத்வா மன்றம், உடலசைவோடு மந்திர உச்சாடனமும் வழிபாட்டு நோக்கும் கலந்த யோகா முஸ்லிம்களுக்கு ஆகாது என்று அறிவித்தது. சில நாள்களில் அப்போதைய பிரதமர் அப்துல்லா அகமது படாவி, உச்சாடனம் இல்லாத உடற்பயிற்சியாக முஸ்லிம்கள் அதைச் செய்யலாம் என்று விளக்கினார். மன்றத்தின் கருத்து ஒரு மாநிலத்தில் சட்டவலு பெற அம்மாநில அரசிதழில் வெளிவர வேண்டும் என்பதால், மாநிலத்துக்கு மாநிலம் அணுகுமுறை வேறுபடும். நடைமுறையில் ஒவ்வொரு வளாகத்திலும் முடிவு செய்பவர் அந்தந்த மாணவர் விவகாரப் பிரிவினர்தாம். அவர்கள் அஞ்சுவது யோகாவைக் கண்டு அல்ல, ஒரு பெற்றோரிடமிருந்து வரக்கூடிய புகாரைக் கண்டு.

என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்கிறேன். தொடக்க காலத்தில், தனியார் கல்லூரி ஒன்றில் பட்டறை ஏற்பாடு செய்ய உதவியபோது, சுவரொட்டியை வடிவமைத்தவர் அழகுக்காக ஓங்காரக் குறியையும் தாமரையையும் போட்டிருந்தார். நான் பார்த்தேன், கண்ணில் உறுத்தவில்லை. நமக்கு அவை பழகிய படங்கள் அல்லவா! பதிந்திருந்த நாற்பது பேரில் பாதிக்கு மேற்பட்டோர் வரவில்லை, அடுத்த பட்டறைக்குக் கல்லூரி மண்டபம் கொடுக்கவில்லை. யாரும் கடிந்து பேசவில்லை, காரணமும் எழுதவில்லை. அழைப்பு நின்றுபோயிற்று, அவ்வளவுதான். அன்றிலிருந்து பாடத் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே, இவ்வகுப்பில் மந்திரமோ வழிபாடோ இல்லை, மூச்சுப் பயிற்சியும் உடற்பயிற்சியும் ஓய்வுப் பயிற்சியும் மட்டுமே என்று ஒரு வரியைச் சேர்க்கச் சொல்கிறேன்.

ஆனால் ஒன்றில் எச்சரிக்கை வேண்டும். சிலர் இந்தச் சிக்கலைத் தவிர்க்க யோகா என்ற சொல்லையே மறைத்து, நீட்சிப் பயிற்சி என்று பதிந்துவிட்டு உள்ளே வழக்கம்போல ஓங்காரத்தில் தொடங்கி வணக்கத்தில் முடிக்கிறார்கள். அது நேர்மையும் அன்று, நீடிக்கவும் செய்யாது. மந்திரம் இல்லாமல் யோகா இல்லை என்று நீங்கள் உளமார நம்பினால், அந்த வகுப்பைக் கோவில் மண்டபத்திலும் கோலாலம்பூரில் உள்ள நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் இந்தியப் பண்பாட்டு மையம் போன்ற இடங்களிலும் முழுமையாக நடத்தலாம், பல்கலைக்கழக வகுப்பை விட்டுவிடலாம். மந்திரம் இன்றியும் மூச்சும் உடலும் ஒருவருக்கு நன்மை செய்யும் என்று கருதினால் மட்டும் இதில் இறங்குங்கள். எனக்குத் தெரிந்த நல்ல பயிற்றுநர்கள் சிலர், இந்த எல்லையை ஏற்றுக்கொண்ட பிறகு தங்கள் கற்பித்தல் தெளிவடைந்ததாகவே சொல்கிறார்கள். அழகான சொல்லின் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாதபோது, தோள்பட்டை எங்கே இருக்க வேண்டும் என்பதைச் சரியாகச் சொல்லித்தான் ஆக வேண்டும். அதையும் மலாயில் சொல்லிப் பழகுங்கள். தாரிக் நாபாஸ், ஹெம்புஸ் என்று மூச்சை இழுக்கவும் விடவும் சொல்வதில் தொடங்கி, முழங்கால், கணுக்கால், முதுகெலும்பு, இடுப்பெலும்பு ஆகியவற்றுக்கான மலாய்ச் சொற்கள் தயங்காமல் நாவில் வர வேண்டும். ஒரு மணிநேர வகுப்பை முழுக்க மலாயில் நடத்தி, அதைப் பதிவு செய்து நீங்களே கேட்டுப் பாருங்கள். எங்கே ஆங்கிலத்துக்குத் தாவுகிறீர்கள் என்று அப்போது தெரியும்.

உடலைத் தொட்டுத் திருத்தும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். ஸ்டூடியோக்களில் அது இயல்பு. பல்கலைக்கழகத்தில் ஆண்களும் பெண்களும் கலந்த வகுப்பில், 2022-ஆம் ஆண்டுப் பாலியல் தொல்லை எதிர்ப்புச் சட்டம் நடப்பில் உள்ள காலத்தில், செய்து காட்டியும் சொல்லிக் கொடுத்தும் திருத்துவதே உங்களுக்கும் மாணவருக்கும் நல்லது. முதல் வாரமே ஒவ்வொருவரிடமும் உடல்நலப் படிவம் வாங்குங்கள். செம்பிறைச் சங்கத்திலோ செயின்ட் ஜான் ஆம்புலன்ஸிலோ முதலுதவி, சி.பி.ஆர். பயிற்சி பெற்றுச் சான்றிதழை விண்ணப்பத்தோடு இணையுங்கள்; பல அதிகாரிகள் அதை ரிஷிகேஷ் சான்றிதழுக்கு முன்னால் படிப்பார்கள். சிகிச்சை என்ற சொல்லை எங்கும் எழுதாதீர்கள். மரபுவழி மருத்துவத்துக்கு 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 775 இருக்கிறது, ஆலோசகர் என்று சொல்லிக்கொள்வதற்கு 1998-ஆம் ஆண்டு ஆலோசகர்கள் சட்டம் இருக்கிறது. நீரிழிவைக் குணப்படுத்துவேன், மனச்சோர்வைப் போக்குவேன் என்று ஒரு வரி எழுதினாலும் வகுப்பு எடுக்கும் ஆசிரியர் என்ற பாதுகாப்பான இடத்திலிருந்து நீங்களே வெளியேறிவிடுகிறீர்கள். மாணவர் ஒருவர் வகுப்பில் அழுதால் (அசையாமல் படுத்து ஓய்வெடுக்கும் சவாசனத்தில் அப்படி நடப்பதுண்டு, பதறாதீர்கள்) அருகில் இருந்துவிட்டு, பல்கலைக்கழக ஆலோசனை மையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்.

இனி நீண்ட கால ஆசைக்கு வருகிறேன். விரிவுரையாளர் என்ற பெயரோடு, சம்பளத்தோடு, இ.பி.எப்.போடு வளாகத்துக்குள் இருக்க வேண்டும் என்றால், பல்கலைக்கழகத்தில் ஏற்கெனவே பதவி உள்ள ஒரு துறையின் வழியாக உள்ளே போங்கள். யோகாவை உங்கள் சிறப்பாகக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். உளவியல், விளையாட்டு அறிவியல், ஆலோசனை, உடற்கல்வி, இயன்முறை மருத்துவம் ஆகியவை அத்தகைய துறைகள். பொதுவாக, கற்பிக்கும் நிலையைவிட ஒரு படி உயர்ந்த தகுதி விரிவுரையாளருக்கு வேண்டும். டிப்ளோமா மாணவர்களுக்குக் கற்பிக்க இளங்கலை, இளங்கலை மாணவர்களுக்குக் கற்பிக்க முதுகலை. வேலை பார்த்துக்கொண்டே படிப்போருக்காக மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் பினாங்கில் தலைமையிடம் கொண்ட வாவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. பகுதி நேரமாக இளங்கலை, பிறகு முதுகலை என்றால் எட்டு ஆண்டுகள் ஆகும், உங்களுக்கு 44 வயதாகும். தாமதம் என்று தோன்றலாம். ஆனால் அந்த எட்டு ஆண்டுகளும் நீங்கள் வளாகத்தில் மாலை வகுப்பு நடத்திக்கொண்டே இருப்பீர்கள், முதுகலை ஆய்வுக்கு உங்கள் வகுப்பையே களமாகவும் கொள்வீர்கள். மாணவர்களின் உறக்கத்தையோ தேர்வுப் பதற்றத்தையோ அளந்து ஓர் ஆய்வேடு எழுதிய யோகா ஆசிரியரைத் துறைத் தலைவர் ஒருவர் பார்க்கும் பார்வை வேறு. அந்த முகவர் கேட்கும் பணம் உங்கள் இளங்கலையின் முதல் பருவக் கட்டணமாக மாறட்டும்.

நீங்கள் ரிஷிகேஷுக்குப் போய் வந்ததைப் படித்தபோது ஒன்று நினைவுக்கு வந்தது. அங்கே 1936-இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தைத் தொடங்கிய சுவாமி சிவானந்தர், துறவு பூணுவதற்கு முன் 1913 முதல் ஏறத்தாழப் பத்தாண்டுகள் நம் மலாயாவில், சிரம்பான் பக்கத்திலும் ஜொகூரிலும் மருத்துவராக வேலை பார்த்தவர். உடலைப் பற்றிய படிப்பும் அதை வைத்து மனிதர்களுக்கு உதவிய பழக்கமும் அவருக்கு முதலில் வந்தன, யோகா பிறகு வந்தது. நீங்கள் வரிசையை மாற்றித் தொடங்கியிருக்கிறீர்கள், இரண்டும் சேர்ந்தால் சரி.

தொடங்கும் காலத்தைப் பற்றி ஒரு குறிப்பு. பொதுப் பல்கலைக்கழகங்களின் கல்வியாண்டு பெரும்பாலும் அக்டோபரில் தொடங்குகிறது. செப்டம்பரில் கடிதம் அனுப்பினால் அட்டவணை முடிந்திருக்கும். மே, ஜூன் மாதங்களில் அணுகுங்கள். ஐக்கிய நாடுகள் சபை 2014-இல் அறிவித்து 2015 முதல் கொண்டாடப்படும் ஜூன் 21 யோகா தினத்தையொட்டி வளாகங்களில் ஒரு நாள் நிகழ்ச்சிக்கு அழைப்பார்கள். போங்கள், ஆனால் மேடையில் செய்து காட்டியதற்காகப் பருவ வகுப்பு கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். நிகழ்ச்சி முடிந்ததும் பொறுப்பு அதிகாரியிடம் அந்த நான்கு பக்கப் பாடத் திட்டத்தைக் கொடுத்துவிட்டு வருவதே அந்த நாளின் பயன். முதலில் ஒரே ஒரு விடுதியில் எட்டு வாரம் நடத்துங்கள், முடிவில் மாணவர் கருத்துப் படிவங்களைச் சேருங்கள், விடுதிப் பொறுப்பாளரிடம் கடிதம் வாங்குங்கள். இரண்டாவது கதவை அந்தக் கடிதம் திறக்கும்.

கடைசியாக, கோவில் மண்டபம். கட்டாயம் எழுதுங்கள். மறைத்தால் நான்கு ஆண்டு அனுபவம் காணாமல் போகும், உங்களிடம் மிச்சம் இருப்பது ஒரு மாதச் சான்றிதழ் மட்டுமே. ஆனால் "கோவிலில் யோகா சேவை செய்தேன்" என்று எழுதாதீர்கள். எந்த ஆண்டிலிருந்து, வாரத்துக்கு எத்தனை மணிநேரம், சராசரியாக எத்தனை பேர், அவர்களின் வயது என்ன, முழங்கால் வலியோ இரத்த அழுத்தமோ உள்ளவர்களுக்கு வகுப்பை எப்படி மாற்றி அமைத்தீர்கள், இதுவரை யாருக்கேனும் காயம் ஏற்பட்டதா என்று எழுதுங்கள். இடத்தின் பெயரைச் சமூக மண்டபம் என்று மாற்ற வேண்டாம், கோவில் மண்டபம் என்றே இருக்கட்டும். வருகைப் பதிவேடு வைத்திருந்தால் அதன் கூட்டுத்தொகையைப் போடுங்கள். கணக்காளராகிய நீங்கள் வைத்திருப்பீர்கள் என்றே நினைக்கிறேன். பிறகு கோவில் நிர்வாகச் செயலாளரிடம், கடிதத் தாளில், தேதியும் கையொப்பமும் இட்டு, நான்கு ஆண்டுகள் வகுப்பு நடத்தியதை உறுதி செய்யும் ஒரு கடிதம் கேளுங்கள். மலாயிலும் ஒரு படி இருந்தால் நல்லது. அவருக்கு நேரம் இல்லையென்றால் நீங்களே தட்டச்சு செய்து கொண்டுபோய்க் கொடுத்து, கையொப்பத்தை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.